அப்போது மாடு கறந்தது யார்?

ரீனா புஷார் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது அமெரிக்க உள்நாட்டுப் போர் இன்னும் முடிந்திருக்கவில்லை. பாடப்புத்தகத்தில்தான். கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து அடுத்த பாடம் தொடங்க வேண்டிய வாரத்தில், தொழுவத்து வாசலில் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் அவளுடைய அப்பா வழுக்கி விழுந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. "ஒரு மாசம் மட்டும் வீட்ல இரும்மா, மாட்டை யாராவது பாக்கணும்ல" என்றார். கடைசி வருடம். இன்னும் சில மாதங்கள் போயிருந்தால் சான்றிதழ் கைக்கு வந்திருக்கும். ஆனால் மாடுகளுக்குக் காலையும் மாலையும் தவிர வேறு எந்தக் காலண்டரும் கிடையாது. அந்த ஒரு மாதம் இருபத்து நான்கு வருடங்களாக நீண்டது.

அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். ரீனா லியோனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோரின் பிறந்தாள். வெர்மான்ட் மலைப் பகுதியில், பியர் ஹாலோ சாலையின் உச்சியில் இருந்த அதே பண்ணை, அதே சிவப்புத் தொழுவம், நாற்பது ஜெர்சி மாடுகள். போர் எப்படி முடிந்தது என்று ரீனாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து கேட்கவில்லை. அது அவளுக்குள் ஒரு பூட்டாத கதவாகவே கிடந்தது.

யோசனை சொன்னது கோரின்தான். வெஸ்ட் ஹார்லோ பள்ளியில் படிப்பை விட்டவர்கள் பெரியவர்களான பிறகும் வந்து முடிக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. "நீயும் முடிச்சுடேம்மா" என்று அவள் சாப்பாட்டு மேசையில் போகிற போக்கில் சொன்னாள். ரீனா மறுநாளே போய்க் கேட்டுவிட்டாள். பழைய மதிப்பெண்களைப் பார்த்த அலுவலகத்துப் பெண், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, அமெரிக்க வரலாறு ஒன்றுதான் பாக்கி என்றாள். கடைசி வருட அமெரிக்க வரலாறு இரண்டாம் பாடவேளையில் நடந்தது. கடைசி வருடம் படிக்கும் கோரினுக்கும் அதே பாடவேளைதான்.

"கடவுளே!" என்றாள் கோரின். "ஒரே கிளாஸா?"

"ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்காம்."

"சரி. ரூல்ஸ் சொல்றேன், கேட்டுக்கோ. தொழுவத்து பூட்ஸோட வரக்கூடாது. என்னைச் செல்லம்னு கூப்பிடக் கூடாது. முன் பெஞ்சுல உக்காரக் கூடாது. கை தூக்கவே கூடாது."

"கை தூக்காம எப்படிடி சந்தேகம் கேக்கறது?"

"சந்தேகமே வரக்கூடாது."

லியோன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "அம்மாவும் பொண்ணும் ஒரே பஸ்ல போவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். இருவரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள்.

ரீனா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனாள். செல்லம் என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டாள். ஜன்னலோரம் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். கை தூக்கும் விஷயத்தில்தான் அவளால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

வரலாற்று ஆசிரியர் ஆர்ட்வே கனெக்டிகட்டிலிருந்து வந்தவர். ரீனாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். பனிக்காலத்திலும் மெல்லிய காலணி போட்டு வந்து நனைந்த காலோடு பாடம் நடத்துவார். வருடங்களை மனப்பாடம் செய்யச் சொல்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வகுப்புச் சுவரில் அகலமான தாள்களில் நிலம், உழைப்பு, விடுதலை, குடியேற்றம், தன்னாட்சி என்று எழுதி ஒட்டியிருந்தார். எந்தப் பாடம் எடுத்தாலும் அதில் எந்தத் தாளைத் தொட வேண்டும் என்று மாணவர்கள் எழுந்து போய்க் காட்ட வேண்டும். தாள்களுக்கு மேலே ஒரே ஒரு கேள்வி இருந்தது: அறைக்குள் யார் இருந்தார்கள், கதவுக்கு வெளியே யார் நின்றார்கள்?

அரசியல் சட்டம் எழுதிய கதை வந்த அன்று அவர் உற்சாகமாக இருந்தார். பிலடெல்பியாவில் நல்ல கோடை. பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, கம்பளிக் கோட்டுப் போட்ட ஆண்கள் மாதக் கணக்கில் உள்ளே உட்கார்ந்து நாட்டுக்குச் சட்டம் எழுதினார்கள்.

"உள்ள யாரு? சொல்லுங்க."

"வக்கீலுங்க." "தோட்ட முதலாளிங்க, அடிமை வச்சிருந்தவங்க." "வியாபாரிங்க."

"வெளிய?"

"பொம்பளைங்க." "அடிமைங்க." "செவ்விந்தியருங்க."

"வெர்மான்ட்காரங்க!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். வெர்மான்ட் அப்போது தனி நாடாக இருந்தது என்று முந்தின நாள்தான் படித்திருந்தார்கள். வகுப்பே கைதட்டியது.

ரீனாவின் கை அவளைக் கேட்காமலே மேலே போயிருந்தது. பின் வரிசையில் கோரின் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க மிஸஸ் புஷார்."

"இல்ல சார்... மாசக் கணக்குல உக்காந்து பேசினாங்கன்னு சொன்னீங்க. அப்போ மாடு யார் கறந்தாங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரீனாவுக்குக் காதுமடல் சூடாகிவிட்டது. ஆர்ட்வே சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"எனக்குத் தெரியல" என்றார் கடைசியில். "யாரோ கறந்துட்டுதான் இருந்திருக்காங்க. அதனாலதான் மத்தவங்க உக்காந்து பேச முடிஞ்சுது." பிறகு சுவருக்குப் போய், தன்னாட்சி என்ற தாளுக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: அப்போது மாடு கறந்தது யார்?

திரும்பி வரும்போது வண்டியில் கோரின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வளைவு வந்ததும், "கேள்வி நல்லாத்தான் இருந்துச்சு" என்று ஜன்னல் கண்ணாடியிடம் சொன்னாள்.

தை, மாசிக் குளிரெல்லாம் உள்நாட்டுப் போரிலேயே கழிந்தது. ரீனா இந்த முறை அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் தருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்ட பக்கம் வந்தபோது, எழுந்து போய் இரண்டு கையாலும் இரண்டு தாள்களை ஒரே நேரத்தில் தொட்டாள். ஆர்ட்வே தலையாட்டினார்.

பாடத்தின் கடைசிப் பகுதி தேர்வுத்தாள் அல்ல. மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். அன்று ஊரார் எல்லாரும் டவுன் ஹாலில் கூடி, சாலையிலிருந்து கல்லறை வரை வருடத்துக்கான எல்லாவற்றையும் தாங்களே பேசித் தாங்களே வாக்களித்து முடிப்பார்கள். ஆர்ட்வேயின் மாணவர்கள் ஒவ்வொருவரும் அந்தக் கூட்டத்தில் ஒரு தடவையாவது எழுந்து, கையில் தாள் இல்லாமல் பேச வேண்டும். வாக்கு வயது வராதவர்களுக்கு ஊர் அனுமதி கொடுக்க வேண்டும். ரீனாவுக்கு அனுமதி தேவையில்லை. அவள் வாக்காளர்.

"அப்பாடா, உனக்குச் சுலபம்" என்றாள் கோரின்.

சுலபம் இல்லை. ரீனா ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்து பத்தொன்பது வருடமாகிறது. கல்யாணமான புதிதில், சாலைக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. பக்கத்துப் பண்ணை எவரெட் பைக் எழுந்து, அடைப்புக்குக் காரணம் மேலே இருக்கிற புஷார் பண்ணைதான் என்றார். ரீனா விருட்டென்று எழுந்து நேராக அவரைப் பார்த்து, "பொய் சொல்றீங்க எவரெட்!" என்று சொல்லிவிட்டாள். கூட்டத் தலைவரின் சுத்தியல் மேசையில் டொக்கென்று விழுந்தது. ஊர்க்கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பேசக்கூடாது, எதுவானாலும் கூட்டத் தலைவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எழுந்து நிற்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விதி அது. "என்னைப் பாத்துப் பேசணும்மா. எவரெட் அழகா இருக்கார்தான், இருந்தாலும்..." என்றார் தலைவர். கூடமே சிரித்து ஓய ரொம்ப நேரமாயிற்று. ரீனா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கூட்டங்களில் பின்சுவரோரம் காப்பி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் அவள் நின்றாள். எவரெட்டும் அவளும் வழியில் பார்த்தால் வண்டியின் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக்கொள்வதோடு சரி.

ஊர்க்கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு தீர்மானங்களின் அறிவிப்பைக் கடை வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள். ரீனா மாடுகளுக்கு உப்புக்கட்டி வாங்கப் போனவள் அங்கேயே நின்று படித்தாள். இருபத்தோராவது தீர்மானம், கடைசி: பியர் ஹாலோ சாலையின் மேல் பாதியைக் குளிர்காலத்தில் ஊர் பராமரிக்காமல் விடலாமா?

மேல் பாதியில்தான் அவள் பண்ணை. பனி தள்ளும் வண்டி வராவிட்டால் பால் லாரி வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வராவிட்டால் தொட்டி நிரம்பிவிடும். நிரம்பினால் பாலைச் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதுதான். ஒரு குளிர்காலம் அப்படிப் போனால் மாடுகளை விற்றுவிட வேண்டும். உப்புக்கட்டியைக் கடையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

லியோன் தொழுவத்தில் சாணம் தள்ளிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுத் தள்ளுகோலில் சாய்ந்து நின்றான்.

"கடைசித் தீர்மானமா?"

"கடைசி."

"அப்போ முடிஞ்சுது. அது வர்றப்போ மணி நாலாகும். நம்ம எல்லாம் இங்க இருப்போம்."

எல்லா வருடமும் அப்படித்தான். பணம், பள்ளிக்கூடம், தீயணைப்பு வண்டி எல்லாம் காலையில். சாலைகள் கடைசியில். மூன்று மணிக்கு மேல் விவசாயிகள் ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துக்கொண்டு நழுவுவார்கள். மாடுகள் மடி கனத்துக் கத்திக்கொண்டிருக்கும். மீதி இருக்கிறவர்கள் சாலைகளுக்குக் கை தூக்கி முடித்துவிட்டு விளக்கை அணைப்பார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ரீனா அன்று சாயங்காலக் கறவையில் ஒரு மாட்டுக்குக் கறவைக் குழாயை மாட்டிவிட்டு, அடுத்த மாட்டுக்குப் போகாமல் அப்படியே குந்தியிருந்தாள். சுவரில் எழுதிய கேள்வி அவள் மண்டைக்குள் வந்து நின்றது. அப்போது மாடு கறந்தது யார்? நான்தான், என்று அவளுக்குத் தோன்றியது. இருபத்து நான்கு வருடமும் நான்தான்.

மறுநாள் வகுப்பில் ஊர்க்கூட்ட விதிகளைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ரீனா கை தூக்கினாள்.

"சார், கடைசில இருக்கற தீர்மானத்தை முன்னாடி எடுக்கச் சொல்லி யாராவது கேட்கலாமா?"

ஆர்ட்வே, "விதிப் புத்தகம் யார்கிட்ட இருக்கு?" என்றார்.

கோரினிடம் இருந்தது. அவள் பக்கங்களைத் திருப்பினாள், விரலை வைத்துப் படித்தாள், நிமிர்ந்தாள். பின் வரிசையிலிருந்து எழுந்து நின்றே சொன்னாள்: "கேக்கலாம்மா. எந்த வாக்காளர் வேணும்னாலும். ஒருத்தர் வழிமொழியணும். மூணுல ரெண்டு பங்கு கை தூக்கணும். அவ்வளவுதான்!" அம்மா என்று வகுப்பில் கூப்பிட்டுவிட்டோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அதிலிருந்து தொழுவமே டவுன் ஹால் ஆயிற்று. கோரின் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கரண்டியால் இரும்புத் தூணைத் தட்டுவாள்.

"சபை அமைதி! மிஸஸ் புஷார், பேசுங்க."

"தலைவரம்மா, நான்..."

"என்னைப் பாத்துப் பேசு. மார்த்தாவைப் பாத்துப் பேசாத."

மார்த்தா காதை ஆட்டிக்கொண்டு அசைபோட்டது.

"மார்த்தா கேட்டா பயமில்லடி. உன்னைப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

"எவரெட் பைக் எதாவது சொல்வார். அப்போ என்ன செய்வ?"

"உன்னைப் பாப்பேன்."

"கரெக்ட். அவர் எவ்வளவு அழகா இருந்தாலும்!" என்று கோரின் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாற்பது மாடுகளும் திரும்பிப் பார்த்தன.

ஊர்க்கூட்டம் வந்தது. மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு இறக்க வாளி தொங்குகிற காலம். சாலையெல்லாம் பனி உருகிச் சேறு. டவுன் ஹாலில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பெண்கள் மடியில் பின்னல் வேலை. பின்சுவரோரம் ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் வேகும் வாசனை மேலே வந்தது. வாக்கில்லாதவர்களுக்கென்று ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சில் ஆர்ட்வே மாணவர்களோடு உட்கார்ந்திருந்தார். இந்த முறை நல்ல பூட்ஸ் போட்டு வந்திருந்தார்.

ரீனா லியோனோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பி டப்பாவுக்குப் பக்கத்தில் அவள் இடம் காலியாக இருந்ததை இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கூட்டத் தலைவராக ஹாரியட் சோல் அம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சுத்தியலைத் தட்டுவதற்கு முன்பே எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். இரண்டாம் தீர்மானத்துக்கு முன் எழ வேண்டும் என்பது ரீனாவின் திட்டம். எழவில்லை. தொடையெல்லாம் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது போயின. இடையில் கோரின் அனுமதி பெற்று எழுந்து, ஊர் நடுப் பசுந்திடலில் இருக்கும் பனிச்சறுக்கு மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்று மளமளவென்று பேசி, "விழுந்து பல்லு உடைஞ்சா அதுக்கும் சேர்த்து ஊர்தான் குடுக்கணும்" என்று முடித்தாள். கைதட்டு. அவள் உட்காரும்போது அம்மாவைப் பார்த்தாள். ரீனா பார்வையை மடியில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாய் உரிமக் கட்டணத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது. அது முடிகிற பேச்சு அல்ல. ஒருவர் தன் நாயின் குணத்தையே விளக்க ஆரம்பித்துவிட்டார். பின்சுவரில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் கோட்டை எடுத்தார். லியோனும் நாற்காலிக்குக் கீழே தொப்பியைத் தேடினான்.

"நான் போறேன் ரீனா. நீ இருந்து..."

"உக்காரு" என்றாள்.

எழுந்தாள். நாய்த் தீர்மானத்துக்குச் சுத்தியல் விழுந்து, அடுத்ததை வாசிக்க ஹாரியட் கண்ணாடியைச் சரிசெய்த அந்த இடைவெளியில், ரீனா வாயைத் திறந்தாள். மேய்ச்சலில் தூரத்துச் சரிவில் நிற்கும் மாடுகளைக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. "தலைவரம்மா!"

ஜன்னலோரம் ஒரு கிழவியின் பின்னல் ஊசி தரையில் விழுந்து உருண்டது. கோட்டில் ஒரு கையை விட்டவர் மறு கையை விடாமல் நின்றார்.

"காது கேக்குதும்மா" என்றார் ஹாரியட். "எனக்கு இன்னும் நல்லாவே கேக்குது. சொல்லுங்க."

சிரிப்பு எழுந்தது. ரீனா அது ஓயும் வரை நின்றாள். இந்த முறை உட்காரவில்லை.

"இருபத்தோராம் தீர்மானத்தை இப்பவே எடுத்துக்கணும்னு கேட்டுக்கறேன்."

ஹாரியட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வழிமொழிய யாராவது?"

சத்தமே இல்லை. லியோன் வழிமொழிவானா என்று அவள் பக்கவாட்டில் பார்த்தாள். அவன் தொப்பியை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கல்யாணத்தன்று பார்த்த மாதிரி.

"வழிமொழியறேன்" என்றது பின்சுவரோரம் ஒரு கரகரத்த குரல். எவரெட் பைக். கோட்டில் ஒரு கை மட்டும் நுழைந்திருந்தவர் அவர்தான். "இப்பவே முடிச்சா நானும் இருந்து கேட்டுட்டுப் போவேன். எனக்கும் மாடு காத்துட்டிருக்கு."

"கை தூக்குங்க" என்றார் ஹாரியட்.

முதலில் பின்சுவர். பிறகு நாற்காலிகள் நடுவிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக. பின்னல் ஊசியோடு ஒரு கை. எண்ணுபவர் இரண்டு தடவை எண்ணினார். "மூணுல ரெண்டு பங்குக்கு மேலயே இருக்கு" என்றார்.

கோட்டுகள் ஆணிகளுக்குத் திரும்பின.

நிர்வாகக் குழுவின் கார்டன் டட்டில் எழுந்தார். கெட்டவர் இல்லை. ஊருக்குக் கிடைக்கிற ஒவ்வொரு வண்டிச் சரளையும் எங்கே போகிறது என்று இரவு தூங்காமல் யோசிக்கிறவர். மேல் பாதியில் மூன்றே வீடுகள், செங்குத்தான ஏற்றம், போன வருடம் பனி தள்ளும் வண்டியின் பக்கத் தகடு அங்கேதான் உடைந்தது என்றார். "மூணு வீட்டுக்காக முழு ஊரும் சுமக்கணுமான்னுதான் கேக்கறோம்."

ரீனாவின் உடம்பு அவர் பக்கம் பாதி திரும்பிவிட்டது. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பெஞ்சில் கோரின் கையால் தன் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினாள், தூணில் கரண்டி பட்ட மாதிரி. ரீனா குதிகாலில் சுழன்று ஹாரியட்டைப் பார்த்தாள்.

"தலைவரம்மா, வீடு மூணுதான். ஆனா பால் லாரி எங்க வீட்டோட திரும்பறதில்ல. எங்க பாலை எடுத்துட்டு உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி, பைக் பண்ணை, ஸ்டீவன்ஸ் பண்ணை, ஆத்தோரம் இருக்கறவங்க எல்லார்ட்டயும் எடுத்துட்டுப் போகுது. மேல் பாதியை மூடினா லாரி மலையைச் சுத்திப் போகணும். அவ்வளவு தூரம் சுத்தி வர அவங்க ஒத்துக்க மாட்டாங்க. அப்போ நிக்கறது எங்க பால் மட்டும் இல்ல. அந்த மலையோட பாலு மொத்தமும்."

பின்சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. "அது நெஜம்" என்று யாரோ சொன்னார்கள். ஹாரியட் சுத்தியலைத் தூக்கினார், தட்டவில்லை.

கார்டன் தன் தாள்களைப் பார்த்தார். "தலைவரம்மா, எனக்கு... எனக்கு இது தோணவே இல்ல. இவ்வளவு வருஷத்துல யாரும் சொன்னதும் இல்ல."

"தோணியிருக்காது தலைவரம்மா" என்றாள் ரீனா. குரல் இப்போது மாட்டைக் கூப்பிடுகிற குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல். "அவர் மேல தப்பு இல்ல. ரோடு பத்திப் பேசற நேரத்துல எங்கள்ல ஒருத்தர் கூட இந்த அறைக்குள்ள இருந்ததே இல்ல. நாங்க கறந்துட்டு இருந்தோம். பள்ளிக்கூடத்துல இப்பதான் படிக்கறேன். பெரிய பெரிய சட்டமெல்லாம் எழுதறப்பவும் இதேதான். யாரோ உள்ள உக்காந்து எழுதறாங்க, யாரோ வெளிய மாடு கறக்கறாங்க. எழுதினவங்க எல்லாம் கெட்டவங்க இல்ல. ஆனா வெளிய இருந்தவங்களைக் கேக்கல. இன்னைக்கு நாங்க உள்ள இருக்கோம். கேட்டுட்டுப் போடுங்க. எங்களுக்கு எதிரா போட்டாலும் சரி, எங்க முகத்தைப் பாத்துப் போடுங்க."

உட்கார்ந்துவிட்டாள். லியோன் அவள் கையை எடுத்துத் தன் தொப்பிக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"மூடலாம் என்கிறவங்க, ஆம்னு சொல்லுங்க" என்றார் ஹாரியட்.

முன் வரிசையில் இரண்டு மூன்று குரல்கள் தயங்கித் தயங்கி வந்தன.

"வேண்டாம் என்கிறவங்க?"

"இல்லை!"

கூரையில் உருகி நின்ற பனி அந்தச் சத்தத்திலேயே சரிந்ததோ, அதற்கு நேரம் வந்துதான் சரிந்ததோ, வாசல் படியில் திமுதிமுவென்று விழுந்தது. எல்லாரும் ஒரு கணம் அடங்கி, பிறகு சிரித்தார்கள். கார்டன் டட்டில் எழுந்து நின்றார். "தலைவரம்மா, ஒண்ணு சொல்லிக்கறேன். அடுத்த வருஷத்திலேருந்து ரோட்டுத் தீர்மானமெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி வரும்." பின்சுவர் முழுதும் காலால் தரையைத் தட்டியது. அங்கே கைதட்டுவதைவிட அது பெரிய மரியாதை.

மீதித் தீர்மானங்களை விட்டுவிட்டு விவசாயிகள் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் சேற்றில் ஆர்ட்வே நின்றிருந்தார்.

"மிஸஸ் புஷார், நீங்க பாஸ்."

"போர் முடிஞ்சுதா சார்?"

"எந்தப் போர்?"

"நான் பாதில விட்டுட்டுப் போனேனே, அது."

ஆர்ட்வே சிரித்தார். "உங்களுக்கு இன்னைக்குத்தான் முடிஞ்சுது."

கோரின் ஓடி வந்து அம்மாவின் தோளில் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். வகுப்புப் பசங்க எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரீனா மெதுவாக, "விடுடி செல்லம், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்."

ஜூன் மாதம் பட்டமளிப்பு. பெயர்களை அகர வரிசையில் கூப்பிடுவார்கள் என்பதால் புஷார் கோரினுக்கு அடுத்து புஷார் ரீனா. ஒரே நிற அங்கி, ஒரே மாதிரித் தொப்பி. கோரின் அம்மாவின் தொப்பிக் குஞ்சலத்தை மூன்று தடவை சரிசெய்துவிட்டாள். விழா மாலை ஆறு மணிக்கு என்று அறிவித்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கறவை முடியவே அந்த நேரமாகும். லியோன் விழாவுக்கு வந்தே தீருவேன் என்றான். கூலிக்கு ஆள் வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்ததே இல்லை.

அன்று மாலை மூன்றரை மணிக்கு எவரெட் பைக் தன் பழைய லாரியில் வந்து தொழுவத்து வாசலில் இறங்கினார். சொந்த பூட்ஸ், சொந்த ஏப்ரன். எதுவும் கேட்காமல் கையைக் கழுவினார்.

"உங்க மாடுங்க?" என்றாள் ரீனா.

"மகன் பாத்துக்குவான். இதுங்க பேரெல்லாம் சொல்லு."

ரீனா தொழுவத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவரெட் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தச் சுருங்கிய முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

"இன்னைக்கு என்னைப் பாத்தே பேசலாம். தலைவரம்மா இங்க இல்ல."

ரீனா வாய்விட்டுச் சிரித்தாள். முதல் கொட்டிலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னாள். மார்த்தா உதைக்கும், இடது பக்கமாகப் போகாதீங்க என்றாள். பிறகு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு, வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த மகளிடம் ஓடினாள்.